திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு பழைய கடைக்கட்டடத்தின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி

பிரதான வீதியிலோ மத்திய வீதியிலோ நிற்கிற ஒரு பழைய கடையைக் காட்டி, இது எப்போது கட்டியது என்று கேட்டுப் பாருங்கள். "அது டச்சுக்காரன் காலத்துக் கட்டடம்" என்று பதில் வரும். சுவர் கொஞ்சம் தடிப்பாக இருந்துவிட்டால் போதும், ஊரில் அது ஒல்லாந்தர் கட்டியதாகிவிடும். உறவினர் ஒருவருடைய மாடிக்கடையைத் திருத்தவேண்டி வந்தபோது, எதை இடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவெடுக்க அதன் உண்மையான வரலாறு எங்களுக்குத் தேவைப்பட்டது. எந்தக் கந்தோரில் என்ன கேட்க வேண்டும் என்று ஒரே இடத்தில் சொல்லித் தர ஆள் இல்லாமல் அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். அதே அலைச்சல் உங்களுக்கும் வேண்டாம்.

தொடங்குமுன் ஒன்று. கடைக்கட்டடத்துக்கு ஒரே வயது இருக்காது. முகப்பு ஒரு காலம், பின்கட்டு ஒரு காலம், கூரை இன்னொரு காலம். ஆகவே "கட்டடம் எந்த ஆண்டு?" என்று கேட்டுக்கொண்டு போனால் குழம்பித்தான் திரும்புவீர்கள். கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் "இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை" என்று இரண்டு ஆண்டுகளைத் தேடுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

1. முதலில் அனுமதி, அப்புறம்தான் கமரா

கடைக்குள் இருப்பவர் பெரும்பாலும் வாடகைக்காரர், சொந்தக்காரர் வேறெங்கோ இருப்பார், சிலவேளை கொழும்பில், சிலவேளை கனடாவில். நீங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துப் படமெடுக்கத் தொடங்கினால் வாடகைக்காரருக்கு மூன்று சந்தேகம் வரும்: காணித் தரகர், தொல்லியல் திணைக்களத்து ஆள், இல்லையென்றால் கடையைவிட்டுத் தன்னை எழுப்ப வந்தவர். மூன்றாவது பயத்துக்குக் காரணம் உண்டு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் பழைய வாடகையிலேயே தலைமுறையாக இருக்கிற கடைகள் பல, அங்கே கட்டடத்தைப் பற்றிய எந்தக் கேள்வியும் வழக்கு வாசனையோடுதான் காதில் விழும்.

தொல்லியல் பயத்துக்கும் ஒரு பதிலை வைத்திருங்கள். தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அதன்படி 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்கள்தான் தாமாகவே பழைய நினைவுச்சின்னம் என்ற கணக்கில் வரும். பிந்தியவற்றை வர்த்தமானியில் தனியாக அறிவித்துத்தான் பாதுகாக்கலாம். நம் பட்டினத்துக் கடைகளில் மிகப் பெரும்பாலானவை அந்தத் திகதிக்கு வெகுவாகப் பிந்தியவை. "டச்சுக் கட்டடம்" என்று பெருமைக்குச் சொல்லித் திரிகிற முதலாளிமாருக்கும் இதை மெதுவாகச் சொல்லி வையுங்கள்.

சொந்தக்காரரிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், கட்டடத்தின் முகவரி, ஆவணங்களைப் பார்க்கவும் பிரதி எடுக்கவும் சம்மதம் என்ற ஒரு வரி, கையொப்பம். பத்துப் பிரதி எடுத்து வைத்திருங்கள். சட்டப்படி தேவையில்லாத இடத்திலும் இந்தக் கடிதம் கதவைத் திறக்கும்.

2. இலக்கத்தைப் பிடியுங்கள்

கட்டடத்துக்குப் பெயர் இருக்கலாம், கடைக்குப் பெயர் இருக்கலாம், ஆனால் கந்தோர்களில் ஓடுவது இலக்கம் மட்டும்தான். ஆதனவரிப் பற்றுச்சீட்டில் இருக்கும் வரி இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதோடு நின்றுவிடக் கூடாது. வீதி இலக்கங்கள் மாற்றப்பட்டிருக்கும், சில வீதிகளின் பெயரும் மாறியிருக்கும், மூலைக்கடையென்றால் ஒரு காலத்தில் ஒரு வீதிப் பெயரிலும் பிறகு மற்ற வீதிப் பெயரிலும் பதிந்திருப்பார்கள். ஒரு கொப்பியில் "இப்போதைய இலக்கம் / பழைய இலக்கம் / அதற்கும் பழையது" என்று மூன்று நிரல் போட்டு, பக்கத்துக் கடைகளுக்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டு வாருங்கள். பக்கத்துக் கடைகள் எதற்கு என்று கேட்பீர்கள். பழைய உறுதிகளில் (காணி உரிமைப் பத்திரங்களில்) உங்கள் கட்டடத்தை அடையாளம் காட்டுவது அதன் நான்கு எல்லைகள்தான், அந்த எல்லைகளில் நிற்பது அயலாரின் பெயர்.

3. உறுதியிலிருந்து பின்னோக்கி நடப்பது

அதிக நேரம் பிடிக்கும் படி இது, அதிகம் தருவதும் இதுதான்.

சொந்தக்காரரிடம் உள்ள கடைசி உறுதியின் பிரதியை வாங்குங்கள். அதில் மூன்று விபரம் வேண்டும்: உறுதி இலக்கம், திகதி, எழுதிய பிரசித்த நொத்தாரிசின் பெயர். அதோடு உறுதியின் கடைசியில், அட்டவணைக்குக் கீழே, காணிப் பதிவகத்தில் பதிந்த தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் இருக்கும். கந்தோரிலும் சட்டத்தரணிமாரிடமும் அதைப் "போலியோ" என்பார்கள். அந்தப் பக்கம்தான் உங்கள் கதவு.

காணிப் பதிவகத்தில் விண்ணப்பம் நிரப்பி, கட்டணம் கட்டி, அந்தப் பக்கத்தின் பிரதியைக் கேளுங்கள். தலைப்பில் காணியின் எல்லையும் விஸ்தீரணமும், கீழே வரிசையாக யார் கொடுத்தார், யார் பெற்றார், விற்பனையா, நன்கொடையா, ஈடா, எவ்வளவு பெறுமதி என்று இருக்கும். பக்கம் நிரம்பியதும் வேறு தொகுதிக்குக் கொண்டு போயிருப்பார்கள், அதன் இலக்கம் ஓரத்தில் சின்னதாக எழுதப்பட்டிருக்கும், முந்திய பக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் அப்படியே. அந்தச் சின்ன எழுத்தை விட்டுவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். இப்போதைய பதிவு முறை 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி நடப்பது, அதற்கு முந்திய புத்தகங்களுக்கும் இந்த ஓரக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பக்கத்தில் தெரிவது சுருக்கம் மட்டும். கட்டடத்தைப் பற்றிய சொல் வேண்டுமென்றால் உறுதியின் முழுப் பிரதி வேண்டும். நம் நாட்டில் உறுதி மூன்றாக எழுதப்படும்: மூலம் சொந்தக்காரருக்கு, இரண்டாம் பிரதி பதிவகத்துக்கு, இன்னொன்று நொத்தாரிசின் கையில். மூலம் கலவரத்தில் எரிந்துபோயிற்று என்று வீட்டில் சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டாம், பதிவகத்துப் பிரதி இருக்கலாம். நொத்தாரிசு இறந்துவிட்டால் அவர் வைத்திருந்தவையும் சட்டப்படி பதிவகத்துக்குப் போய்ச்சேர வேண்டும்.

இனிப் பொறிகள்.

சட்டத்தரணியிடம் "உரித்துத் தேடிக் கொடுங்கள்" என்று கொடுத்தால் வழக்கமாக முப்பது வருடத்தோடு நிற்பார்கள், வங்கிக் கடனுக்கு அது போதும் என்பதால். உங்களுக்குப் போதாது. "முதல் பதிவு வரைக்கும்" என்று எழுத்தில் கேளுங்கள், அதற்கான கூலியையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

உறுதியைப் பதியாவிட்டாலும் அது செல்லும், முன்னுரிமைதான் போகும். ஆகவே பக்கத்தில் ஒரு தலைமுறையே காணாமல் போயிருக்கலாம், தகப்பனிலிருந்து பேரனுக்குத் தாவியிருக்கும். பயப்பட வேண்டாம், வீட்டில் சீதன உறுதி, மரணசாதனம் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது பலர் விழுகிற குழி. ஓர் உறுதியில் "வளவு" என்று மட்டும் இருந்து, அடுத்ததில் "அதிலுள்ள கல்வீடும் கிணறும்" என்று வந்து, அதற்கடுத்ததில் "மேல்மாடிக் கடைக்கட்டடம்" என்று வந்தால் மனம் துள்ளும், இடையிலேதான் கட்டியிருக்கிறார்கள் என்று. இருக்கலாம். ஆனால் நொத்தாரிசுமார் பழைய அட்டவணையை அப்படியே பார்த்து எழுதுகிறவர்கள். மாடி எழும்பி இருபது வருடமான பிறகும் உறுதியில் அது வளவாகவே கிடக்கும், இடித்துப்போட்ட கொட்டில் மூன்று உறுதிகளுக்கு உயிரோடு இருக்கும். கட்டடம் முதன்முதலாகக் குறிக்கப்பட்ட உறுதி "இதற்குள் கட்டியாகிவிட்டது" என்பதற்கு மட்டுமே சாட்சி. குறிக்காத உறுதி எதற்கும் சாட்சியல்ல.

பெறுமதியையும் கவனியுங்கள். குறுகிய இடைவெளியில் அதே காணி பல மடங்கு விலைக்குக் கைமாறியிருந்தால் நடுவில் ஏதோ கட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இந்திய வணிகர்கள் வைத்திருந்த கடையென்றால் அற்றோணித் தத்துவத்தின் (தன் சார்பில் செயற்படக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின்) பெயரில் வேறொருவர் கையொப்பமிட்டிருப்பார், அவரைச் சொந்தக்காரர் என்று எழுதிவிடாதீர்கள். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தர்மமாக எழுதிய கடைகளுக்குக் கைமாற்றமே இருக்காது. அங்கே பரிபாலன சபையின் கணக்குப் புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும், திருத்தச் செலவுகள் அதில் திகதியோடு இருக்கும்.

4. வழக்கு நடந்திருந்தால் நல்லதுதான்

பதிவகப் பக்கத்தில் ஒரு வழக்கு இலக்கம் பதிந்திருந்தால் அதைக் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். பாகப்பிரிவினை வழக்கென்றால், நீதிமன்றம் அனுப்பிய நில அளவையாளர் படம் வரைந்ததோடு, காணியில் நின்ற கட்டடங்கள் எவை, அவற்றை யார் தன்னுடையது என்று உரிமை கோரினார் என்று அறிக்கையும் எழுதியிருப்பார். சகோதரர்கள் சண்டை பிடித்திருந்தால் "மாடியை நான்தான் என் காசில் கட்டினேன்" என்று சத்தியம் செய்த சாட்சியமே கிடைக்கும். குடும்பத்துக்குக் கசப்பு, நமக்குக் கரும்பு. மரணசாதன வழக்கிலும் சொத்து விபரப் பட்டியல் இருக்கும். இந்தக் கோவைகளைப் பார்க்க ஒரு சட்டத்தரணி மூலம் மனுக் கொடுப்பதுதான் சுலபம்.

5. வரிப் பதிவேடும் கட்டட அனுமதியும்

உள்ளூராட்சி மன்றத்தில் (ஊர்வாயில் நகரசபைதான்) இரண்டு விடயம் கேளுங்கள்: ஆதனவரி மதிப்பீட்டுப் பதிவேடு, கட்டட விண்ணப்பக் கோவை.

மதிப்பீட்டுப் பதிவேட்டில் சொந்தக்காரர், குடியிருப்பவர், ஆதனத்தின் விபரம், வருடாந்தப் பெறுமதி ஆகியவை இருக்கும். வருடாந்தப் பெறுமதியைத் தொடர்ந்து எழுதிக்கொண்டு வாருங்கள். மதிப்பீடு புதுப்பித்த ஆண்டில் வீதி முழுக்க ஏறியிருக்கும், அது கணக்கில்லை. பக்கத்துக் கடைகள் அப்படியே நிற்க உங்கள் கடை மட்டும் திடீரென்று ஏறியிருந்தால், அங்கேதான் மாடி எழும்பியிருக்கிறது அல்லது பின்கட்டு கட்டியிருக்கிறார்கள். உறுதி சொல்லாததை இந்த ஒரு நிரல் சொல்லும்.

நகரங்களில் கட்டட வேலைக்கு அனுமதி வாங்கும் முறை 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. அதன்பின் கட்டியதென்றால் வரைபடம் கொடுத்திருக்க வேண்டும். கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் அனுமதி கிடைத்த வரைபடமும் கட்டிய கட்டடமும் ஒன்றல்ல, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல் சன்னலாக எண்ணிப் பாருங்கள். வீதியின் எல்லைக்கோடு எங்கே வருகிறது என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழையும் விசாரியுங்கள். வீதியை அகலித்தபோது முன்பக்கத்தை வெட்டியிருந்தால், நீங்கள் ரசித்துக்கொண்டிருக்கிற முகப்பு பின்கட்டுக்கு ஒரு தலைமுறை இளையது.

"பழைய புத்தகமெல்லாம் இல்லை" என்ற பதில் வரும். ஓர் அரசுக் கந்தோரில் எனக்கும் அதே பதில்தான் வந்தது, எழுத்தில் கேட்டபிறகு புத்தகம் அலுமாரிக்கு மேலே இருந்து இறங்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவல் உத்தியோகத்தருக்கு எழுதிக் கொடுங்கள், கொடுத்ததற்குச் சிட்டை வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். "இந்தக் கட்டடத்தின் வரலாறு" என்று கேட்டால் அப்படியொரு ஆவணம் இல்லை என்று முடித்துவிடுவார்கள். "இந்த வீதியின் மதிப்பீட்டுப் பதிவேடு, இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை, பார்வையிட அனுமதி" என்று கேளுங்கள்.

6. கட்டடத்தையே வாசியுங்கள்

காகிதம் ஓரளவு கைக்கு வந்தபிறகு டோர்ச், அளவுநாடா, சுண்ணக்கட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். முகப்பைக் கடைசிக்கு வையுங்கள். முகப்புக்குத்தான் எல்லோரும் பூச்சுப் பூசுவார்கள். பின்சுவர், மாடிப்படிக்குக் கீழ், கூரைக்குள், கிணற்றடி, இவைதான் பொய் சொல்லாத இடங்கள்.

சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தெரிந்தால் பழைய வேலை. சீமெந்துக் கல் என்றால் பிந்தியது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முன்னும் இறக்குமதிச் சீமெந்து இருந்தது என்பதால் சீமெந்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தடித்த சுவரும் அப்படித்தான், இரும்பு விட்டம் இல்லாமல் மாடியைத் தாங்க வேண்டுமென்றால் யார் கட்டினாலும் சுவரைத் தடிப்பாகத்தான் கட்டுவார்கள்.

ஓட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கள்ளிக்கோட்டை ஓடு என்று நாம் சொல்கிற தட்டை ஓட்டில் தொழிற்சாலையின் முத்திரை புடைத்திருக்கும், புகைக்கரியைத் துணியால் துடைத்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை 1865இல் தொடங்கியது, முதலாம் உலகப் போருக்குப் பிறகு அது காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போனது. ஆகவே காமன்வெல்த் முத்திரை இருந்தால் அந்த ஓடு அந்தப் போருக்குப் பிந்தியது. கவனம், சில ஓடுகளில் ஆண்டும் இருக்கும். அது பெரும்பாலும் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டு இல்லை. அப்புறம் ஓடு கால்முளைத்த பொருள், ஒரு வீட்டை இடித்தால் அடுத்த கூரைக்கு ஏறிவிடும். நாலைந்து இடத்தில் கழற்றிப் பார்த்து, முத்திரை ஒன்றாக இருந்தால் மட்டும் நம்புங்கள்.

இரும்பு விட்டத்தின் நடுவில் "டோர்மன் லாங்" போன்ற ஆலைப் பெயர் உருட்டியிருக்கும். அந்தக் கம்பனி 1875இல் தொடங்கியது. மர விட்டமென்றால் முதிரையா பாலையா என்று ஒரு மூத்த தச்சரைக் கூட்டிப்போய்க் கேளுங்கள், அவர் மரத்தோடு சேர்த்து கைவாள் அரிந்ததா இயந்திரம் அரிந்ததா என்பதையும் கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். வாசலில் ஷட்டருக்கு முன்பிருந்த பலகைக் கதவின் தடம் பெரும்பாலும் படியிலேயே இருக்கும், பலகைகள் நழுவி ஓடிய பள்ளம். பலகைகள் பின்னறையில் கிடந்தால் புரட்டிப் பாருங்கள், வரிசை மாறாமலிருக்க ஒவ்வொன்றிலும் உளியால் இலக்கம் வெட்டியிருப்பார்கள். எத்தனை பலகை என்று எண்ணினால் பழைய வாசலின் அகலம் வந்துவிடும், அது இப்போதைய வாசலோடு பொருந்தாவிட்டால் முகப்பை மாற்றியிருக்கிறார்கள்.

முகப்பு உச்சியில் சுண்ணாம்பில் எழுதிய ஆண்டை நம்ப வேண்டாம். கட்டிய ஆண்டாகவும் இருக்கும், வியாபாரம் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கும், பேரன் புதுப்பித்த ஆண்டாகவும் இருக்கும்.

7. விளம்பரங்கள்

பாடசாலை மலர், கும்பாபிஷேக மலர், சங்கங்களின் ஆண்டு மலர் ஆகியவற்றின் பின்பக்கங்களைப் புரட்டுங்கள். ஊரிலுள்ள எல்லாக் கடையும் அதில் வாழ்த்துச் சொல்லியிருக்கும், முகவரியோடும் தொலைபேசி இலக்கத்தோடும். இலக்கம் இரண்டு, மூன்று இலக்கங்களில் இருந்தால் பழைய காலம். எந்த ஆண்டு எந்தக் கடை அந்த இலக்கத்தில் இருந்தது என்று வரிசைப்படுத்த இதைவிட மலிவான வழி இல்லை. நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஏராளமான மலர்களும் பத்திரிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய படத்துக்கு, இலண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் இரண்டாம் உலகப் போர்க்காலத் திருகோணமலைப் படங்கள் உண்டு. பெரும்பாலும் கப்பலும் துறைமுகமும்தான்.

8. மூத்தவர்களிடம் கேட்பது

"எந்த ஆண்டு?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் பிழைக்கும். நம் ஊரில் காலத்தை அளக்கும் கற்கள் வேறு. குண்டு போட்டதற்கு முன்னா பின்னா (1942 ஏப்ரல் 9), வெள்ளைக்காரன் டொக்யார்டை விட்டுப் போனதற்கு முன்னா (1957), சூறாவளிக்கு முன்னா (1964 டிசம்பர்), 83 கலவரத்துக்கு முன்னா, இந்திய இராணுவம் வந்தபோது கூரை இருந்ததா (1987), சுனாமிக்குப் பிறகா (2004). இப்படிக் கேளுங்கள், பதில் தானாக வரும். ஐயா, நானா, ஹாஜியார், அக்கா என்று அவரவருக்குரிய முறையில் கூப்பிட்டு, தேத்தண்ணி குடிக்கச் சொன்னால் குடித்து, பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். 83இல் இழந்தவர்களிடம் அதைப் பற்றி நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

கடையில் முன்பு வேலை செய்த கணக்கப்பிள்ளை, மூட்டை சுமந்தவர், பக்கத்துத் தையல்காரர் ஆகியோரைத் தேடுங்கள். முதலாளி குடும்பம் பெருமையைச் சொல்லும், இவர்கள் எந்தச் சுவர் ஒழுகியது என்று சொல்வார்கள்.

9. கொழும்புக்குப் போக வேண்டுமா?

மேலே உள்ளவற்றை முடிக்காமல் போகாதீர்கள். கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் கச்சேரி ஆவணங்கள், வர்த்தமானிகள், பழைய பத்திரிகைகள், வணிகர் பெயர்கள் வரும் பெர்குசன் டைரக்டரிகள் எல்லாம் உண்டு. ஆனால் பெயரும் ஆண்டும் கையில் இல்லாமல் போனால் மலையைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள். அடையாள அட்டை, நோக்கத்தைச் சொல்லும் கடிதம், பென்சில் கொண்டு போங்கள். இரவு ரயிலில் போனால் காலையில் வேலையைத் தொடங்கலாம், தங்குமிடச் செலவு மிச்சம்.

10. செலவும் காலமும்

அரசுக் கட்டணங்கள் சிறியவை, மாறிக்கொண்டும் இருப்பவை, யன்னலில் கேட்டுச் சில்லறையோடு போங்கள். உண்மையான செலவு மூன்று: உரித்துத் தேடுகிறவரின் கூலி, நில அளவையாளரிடம் புதிதாக அளக்கச் சொன்னால் அவருடைய கட்டணம், உங்கள் சொந்த வேலைநாள் இழப்பு. புதிதாக அளக்குமுன் பழைய படத்தின் பிரதி வரைந்தவரிடமோ அவர் குடும்பத்திடமோ இருக்கிறதா என்று விசாரியுங்கள், பெரும் தொகை மிச்சமாகும். பழைய படத்தில் விஸ்தீரணம் ஏக்கர், றூட், பேர்ச்சில் இருக்கும். 40 பேர்ச் ஒரு றூட், 160 பேர்ச் ஒரு ஏக்கர்.

பதிவகப் பிரதிகளுக்கு வாரக் கணக்கிலும், நீதிமன்றக் கோவைக்கு மாதக் கணக்கிலும் காத்திருக்க ஆயத்தமாக இருங்கள். ஆகவே எல்லா விண்ணப்பத்தையும் முதல் வாரத்திலேயே போட்டுவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் மலர்களைப் புரட்டுவதையும் ஆட்களைச் சந்திப்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். போயா நாளும் நீண்ட விடுமுறையும் வரும் வாரத்தைத் தவிருங்கள். ஓட்டைக் கழற்றுகிற வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் மாரி தொடங்கிவிட்டால் எந்த முதலாளியும் தன் கூரையில் கை வைக்க விடமாட்டார்.